வலி போய்விட்டது, ஊன்றுகோலை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 44, எடை 72 கிலோ. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்க்கிறேன். வலது இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்காகச் சென்னையில் ஹிப் ரீசர்ஃபேசிங் அறுவை செய்துகொண்டு மூன்றரை வாரம் ஆகிறது. தையல் பிரித்தாயிற்று. வலி அநேகமாக இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு எல்போ கிரட்ச் (முன்கையைத் தாங்கும் ஊன்றுகோல்) கொடுத்தார்கள். இப்போது வெளியே போகும்போது மட்டும் ஒன்றை வலது கையில் பிடித்துக்கொள்கிறேன், வீட்டுக்குள் எதுவும் இல்லாமல் நடக்கிறேன். யூடியூபில் பார்த்து, மல்லாந்து படுத்தபடி காலை நேராகத் தூக்கும் பயிற்சியும் செய்கிறேன். அப்போது தொடை இடுக்கில் கொஞ்சம் பிடிக்கிறது. மாலையானால் கணுக்கால் வரை வீக்கம். நாற்காலியிலிருந்து எழும்போது உள்ளே ‘டக்’ என்று சத்தம். வலது கால் நீளமாகிவிட்டதுபோல் இருக்கிறது. எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. மனைவியோ என்னைக் கட்டிலை விட்டே இறங்க வேண்டாம் என்கிறார். ஊன்றுகோலை எப்போது விடலாம்? எப்போது சம்மணமிட்டு உட்காரலாம், பைக் ஓட்டலாம், மைதானத்தில் ஓடலாம்? டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரே இதே அறுவை செய்துகொண்டு ஐந்து மாதத்தில் ஆடினார் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். உலோகம் ரத்தத்தில் கலக்கும் என்று படித்ததிலிருந்து பயமாகவும் இருக்கிறது.

பதில்: அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

நீங்கள் பல கேள்விகள் கேட்டிருந்தாலும், அவற்றுள் ஒன்றுக்கு இன்றே விடை தெரிந்தாக வேண்டும் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊன்றுகோலை இப்போது விடாதீர்கள், வீட்டுக்குள்ளும் விடாதீர்கள். காலை நேராகத் தூக்கும் அந்தப் பயிற்சியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்றபடி நீங்கள் எழுதியிருப்பவற்றில் பெரும்பாலானவை மூன்றரை வாரத்தில் எதிர்பார்க்கக் கூடியவைதான். மூட்டு அறுவை முடிந்தவர்களுக்கு நடைப்பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில் இதை எழுதுகிறேனே தவிர, உங்கள் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை. ஆகவே உங்கள் அறுவை மருத்துவர் எழுதிக் கொடுத்ததும் நான் சொல்வதும் எங்கேனும் மாறுபட்டால், அவர் சொன்னதையே கடைப்பிடியுங்கள்.

வலி இல்லாதபோது ஊன்றுகோல் எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயம். முழு இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் தொடை எலும்பின் பந்து போன்ற தலையையும் அதைத் தாங்கும், கழுத்து எனப்படும் ஒடுங்கிய பகுதியில் ஒரு பங்கையும் வெட்டி எடுத்துவிட்டு, எலும்பின் உள்ளே நீண்ட உலோகத் தண்டைச் செருகுவார்கள். உங்களுக்குச் செய்தது அது அன்று. உங்கள் எலும்புத் தலையை எடுக்காமல், அதன் தேய்ந்த மேற்பரப்பை மட்டும் சீவிச் செதுக்கி, பல்லுக்குக் கேப் போடுவதுபோல் அதன்மேல் ஓர் உலோகத் தொப்பியைச் சிமென்ட் வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். இடுப்புப் பக்கத்துக் குழியில் ஓர் உலோகக் கிண்ணத்தை இறுக்கிப் பதித்திருக்கிறார்கள். தொப்பிக்குக் கீழே உள்ள தலை உங்களுடையது, கழுத்தும் உங்களுடையது. இளவயதினருக்கும் உழைப்பாளிகளுக்கும் இந்த அறுவையைப் பரிந்துரைப்பதற்கு அதுவே காரணம். பிற்காலத்தில் ஒருவேளை மறு அறுவை தேவைப்பட்டால், எலும்பு கைவசம் மிச்சமிருக்கும். ஆனால் முதல் சில மாதங்களில் கவனம் தேவைப்படுவதும் அந்தக் கழுத்துக்குத்தான்.

அறுவையின்போது மூட்டைத் திறப்பதற்காகப் பின்புறத்துச் சிறு தசைகளையும் மூட்டுறையையும் வெட்டி, பிறகு தைக்கிறார்கள். அந்தப் பக்கமாகத்தான் எலும்புத் தலைக்குப் போகும் முக்கிய ரத்தக் குழாயும் ஓடுகிறது. அறுவையால் அதில் ரத்த ஓட்டம் ஓரளவு குறையவே செய்யும். செதுக்கப்பட்ட எலும்பு, தன்மேல் புதிதாக விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ளத் தொடங்குகிறது. அந்தத் திருத்தத்தில் உடல் முதலில் பழைய எலும்பைக் கரைக்கிறது, பிறகே புதியதை வைக்கிறது. இடைப்பட்ட வாரங்களில் கழுத்து வழக்கத்தைவிடப் பலவீனமாக இருக்கும். சதை ஆறுவதும் வலி தணிவதும் மூன்று நான்கு வாரத்தில் நடந்துவிடும். எலும்பு தேறுவதற்கு மாதங்கள் ஆகும். இரண்டும் ஒரே வேகத்தில் நடந்தால் வலியே நமக்கு வழிகாட்டியாக இருந்திருக்கும். அப்படி இல்லாததால்தான், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும் இந்த நாட்களை நான் மிகவும் கவனிக்க வேண்டிய நாட்கள் என்கிறேன்.

இது வெறும் அச்சுறுத்தல் இல்லை. பர்மிங்காம் என்ற வகைத் தொப்பியும் கிண்ணமும் வைத்து ரீசர்ஃபேசிங் செய்துகொண்டவர்களைப் பற்றி ஆஸ்திரேலியாவில் நாடு தழுவித் தொகுத்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தொடை எலும்பின் கழுத்தில் முறிவு 1.46 சதவீதம் பேருக்கு நேர்ந்திருந்தது. பெண்களுக்கு ஆண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. முறிவு நேர்ந்தது சராசரியாக அறுவை முடிந்து 15 வாரம் கழித்து. அதாவது ஆஸ்பத்திரியிலோ முதல் வாரத்திலோ அன்று. வலி போய், ஊன்றுகோல் போய், ஆள் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் காலத்தில். தொப்பியை எந்தக் கோணத்தில் பொருத்தினார்கள், செதுக்கும்போது கழுத்தில் கீறல் விழுந்ததா, எலும்பின் அடர்த்தி எப்படி இருக்கிறது என்பவையெல்லாம் இதில் பங்கு வகிக்கின்றன. அவை உங்கள் கையில் இல்லை. எடையை எப்படிப் போடுகிறீர்கள், தடுக்கி விழாமல் இருக்கிறீர்களா என்ற இரண்டு மட்டுமே உங்கள் கையில் இருக்கின்றன.

பெர்லினில் ஆய்வாளர்கள், உள்ளே உணர்கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளை நோயாளிகளுக்கு வைத்து, மூட்டின்மேல் விழும் விசையை நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். சாதாரணமாக நடக்கும்போது உடல் எடையைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு விசை இடுப்பு மூட்டில் விழுகிறது. உங்கள் 72 கிலோவுக்கு அது கிட்டத்தட்ட 200 கிலோ. கால் தடுக்கி, விழாமல் சமாளித்துக்கொள்ளும் அந்த ஒரு நொடியிலோ விசை ஏழு மடங்கையும் தாண்டிவிடுகிறது. அதாவது அரை டன்னுக்கு மேல். விழுந்தால்தான் ஆபத்து என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். விழாமல் சமாளிப்பதும் கழுத்து எலும்புக்குப் பெரிய சோதனைதான். அதனால்தான் வீட்டுக்குள்ளும் ஊன்றுகோல் வேண்டும் என்கிறேன். வெளியே நடக்கும்போது எல்லோரும் தரையைப் பார்த்து நடக்கிறோம். வீட்டில் அப்படி நடப்பதில்லை. குளியலறை வாசலில் உயர்ந்து நிற்கும் கல், துடைத்து இன்னும் காயாத தரை, ஓரம் மடங்கிய மிதியடி, அடிப்பாகம் தேய்ந்து வழவழப்பான ரப்பர் செருப்பு, நடுக்கூடத்தில் குறுக்கே கிடக்கும் சார்ஜர் வயர் என்று தடுக்குவதற்கான பொருள்கள் அத்தனையும் வீட்டுக்குள்தான் இருக்கின்றன. இன்று மாலையே உங்கள் மனைவியுடன் வீட்டை ஒருமுறை சுற்றி வந்து, மிதியடிகளை எடுத்து வைத்துவிட்டு, குளியலறையில் கைப்பிடிக் கம்பி ஒன்றும் இரவில் எரியும் சிறு விளக்கு ஒன்றும் பொருத்திவிடுங்கள்.

இப்போது ஊன்றுகோலைப் பிடிக்கும் முறைக்கு வருகிறேன். அறுவை நடந்த வலது பக்கத்திலேயே, வலது கையில் பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் பிடிக்கிறார்கள். வலிக்கும் காலுக்குப் பக்கத்தில் தாங்கு இருக்க வேண்டும் என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணம். ஒற்றை ஊன்றுகோல் எதிர்ப்பக்கக் கையில்தான், உங்களுக்கு இடது கையில்தான், இருக்க வேண்டும். வலது காலில் நிற்கும்போது உடலின் பாரம் முழுவதும் இடது பக்கமாக இழுக்கிறது; அது சரியாமல் இருக்க வலது பிட்டத்தின் பக்கவாட்டுத் தசைகள் மிகுந்த பலத்துடன் இழுத்துப் பிடிக்கின்றன. மூட்டில் விழும் விசையில் பெரும்பங்கு உடல் எடையால் வருவது அன்று, இந்தத் தசையின் இழுப்பால் வருவது. இடது கையில் ஊன்றினால் அந்தத் தசைக்கு வேலை குறைகிறது, மூட்டின் பாரமும் கணிசமாகக் குறைகிறது. வலது காலும் இடது கை ஊன்றுகோலும் ஒன்றாக முன்னே போக வேண்டும், பிறகு இடது கால். படி ஏறும்போது முதலில் நல்ல கால், பிறகு அறுவை செய்த காலும் ஊன்றுகோலும். இறங்கும்போது முதலில் ஊன்றுகோலும் அறுவை செய்த காலும், பிறகு நல்ல கால். கைப்பிடிச் சுவர் இருந்தால் ஒரு கை அதில் இருக்கட்டும்.

உங்கள் மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, ஆறாவது வார எக்ஸ்ரே வரை இரண்டு ஊன்றுகோலுடனோ, ஒன்றை இடது கையில் பிடித்தோ நடங்கள். அதற்குப் பிறகும் ஊன்றுகோலை விடுவதைத் தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள், நடையை வைத்து முடிவு செய்யுங்கள். இதைப் பார்ப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பேன்ட் அணிந்து பெல்ட் கட்டிக்கொண்டு, ஊன்றுகோல் இல்லாமல் பத்தடி நடந்து காட்டுங்கள். உங்கள் மனைவி பின்னாலிருந்து மொபைலில் படம் பிடிக்கட்டும். பிறகு அந்தப் படத்தில் பெல்ட்டை மட்டும் பாருங்கள். வலது காலில் நிற்கும் ஒவ்வொரு முறையும் பெல்ட்டின் இடது ஓரம் கீழே சாய்ந்தாலோ, அதை ஈடுகட்ட உங்கள் தோள் வலது பக்கம் சாய்ந்தாலோ, பிட்டத் தசை இன்னும் தேறவில்லை என்று பொருள். அந்த நிலையில் ஊன்றுகோலைக் கைவிட்டால், தாங்கித் தாங்கி நடப்பதே பழக்கமாகப் படிந்துவிடும். உங்களைப்போல் அறுவைக்கு முன்பு நீண்ட நாள் நொண்டி நடந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் முன்பே உடம்பில் ஏறியிருக்கும். மூட்டு புதிதானாலும் பழைய நடை தானாகப் போவதில்லை. இரண்டு வாரம் முன்னதாக ஊன்றுகோலை விட்டுவிட்டு, பிறகு இரண்டு வருடம் சாய்ந்து நடப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

காலை நேராக வைத்துத் தூக்கும் பயிற்சி முழங்கால் அறுவைக்குப் பிறகு பரவலாகத் தரப்படுவது. நீங்கள் பார்த்த படமும் அதற்கானதாக இருக்கலாம். இடுப்பு மூட்டுக்கு அது வேறு வேலை செய்கிறது. முழுக் காலின் எடையையும் இடுப்பின் முன்புறத்துத் தசை ஒன்றாகத் தூக்கும்போது, நிற்காமல் படுத்திருக்கும் நிலையிலேயே கழுத்து எலும்பின்மேல் பெரிய விசை விழுகிறது. தொடை இடுக்கில் பிடிக்கிறது என்றீர்கள். அது அந்தத் தசைநாரின் எரிச்சலாகவே பெரும்பாலும் இருக்கும். பயிற்சியை நிறுத்தி நான்கைந்து நாளில் அது தணிந்துவிட வேண்டும். தணியவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக, படுத்தபடி குதிகாலைப் படுக்கையில் உரசிக்கொண்டே முழங்காலை மெல்ல மடக்கி நீட்டுங்கள். பிட்டத் தசைகளை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். சமையலறை மேடையைப் பிடித்து நின்றுகொண்டு, உடலைச் சாய்க்காமல், வலது காலைப் பக்கவாட்டில் ஓரடி விலக்கிக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றும் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை போதும். விளையாட்டுக்காரர்கள் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். பத்து நல்லது என்றால் ஐம்பது இன்னும் நல்லது என்ற கணக்கு இங்கே பொருந்தாது.

உங்கள் மனைவியின் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் படுத்தே இருப்பதும் கேடு. இடுப்பு அறுவைக்குப் பிறகு காலின் ஆழ்ந்த ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு பல வாரங்கள் நீடிக்கிறது. படுத்துக் கிடந்தால் அது கூடும். ஒரே மூச்சில் நெடுந்தூரம் நடப்பதைவிட, பத்துப் பத்து நிமிடமாக நாளுக்கு ஐந்தாறு முறை நடப்பது நல்லது. ரத்த உறைவைத் தடுக்க மாத்திரையோ ஊசியோ கொடுத்திருப்பார்கள். இடுப்பு அறுவைக்கு அதை ஐந்து வாரம் வரை தருவது வழக்கம். வலி போய்விட்டது என்று மற்ற மாத்திரைகளோடு சேர்த்து அதையும் நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். எந்தத் தேதி வரை எழுதியிருக்கிறது என்று மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

மாலையில் வரும் வீக்கம் இயல்பானது. வெட்டப்பட்ட இடத்திலிருந்து நீரும் ரத்தக் கசிவும் கீழ்நோக்கி இறங்குவதால், தொடையில் தொடங்கிய வீக்கமும் நீலம் பாய்ந்ததும் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இறங்கிவரும். மதியமும் மாலையும் அரை மணி நேரம் மல்லாந்து படுத்து, பாதம் நெஞ்சுக்கு மேல் இருக்கும்படி தலையணைகளை அடுக்கி வைத்துக்கொண்டு கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். காலையில் எழும்போது வீக்கம் வடிந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வடிந்திருந்தால் கவலை இல்லை. இரவு முழுக்கப் படுத்தும் வடியாமல், கெண்டைக்கால் இறுகி, தொட்டால் சூடாக இருந்து, அழுத்தினால் வலித்தால் ரத்தக் குழாயில் உறைவு இருக்கிறதா என்று காட்டும் டாப்ளர் ஸ்கேனை அன்றே எடுக்க வேண்டும். மூச்சு வாங்குவது, நெஞ்சில் குத்துவது, இருமலில் ரத்தம் வருவது என்று ஏதேனும் நேர்ந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும்.

இந்தக் காரணத்துக்காகவே, எண்ணெய் தேய்த்து உருவிவிடும் யோசனையை அம்மாவிடம் பக்குவமாக மறுத்துவிடுங்கள். கெண்டைக்காலில் வெளித்தெரியாத உறைவு இருந்து அதை உருவிவிட்டால், அது இடம்பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு. தழும்பின்மேல் எண்ணெய், மஞ்சள், மூலிகைப் பற்று எதுவும் இப்போது வேண்டாம். சுளுக்கு எடுப்பவரிடமோ எலும்பு வைத்தியரிடமோ காட்டவே வேண்டாம்; மூட்டைத் திருப்பி இழுத்தால் தைத்த தசைகள் பிரியும், மூட்டு நழுவவும் கூடும். அம்மாவுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு இருக்குமானால், துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைத் தொடையின் பக்கவாட்டில் பதினைந்து நிமிடம் வைத்துவிடச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்ததும் அது நிஜமாகவே இதம் தரும்.

தழும்பைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, அதனால் உலர்ந்து நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். தையல் பிரித்த பிறகு கசிவு, சிவப்பு, காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் என்று எது வந்தாலும் அறுவை செய்த மருத்துவரிடமே போங்கள். பக்கத்து மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினால், உள்ளே கிருமி இருக்கிறதா என்று பிறகு கண்டுபிடிப்பதே கடினமாகிவிடும்.

‘டக்’ என்ற சத்தம் உங்களைப் பயமுறுத்தியிருக்கலாம். மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் இன்னும் தளர்வாக இருப்பதாலும், உள்ளே நீர் கோத்திருப்பதாலும், எழும்போது தொப்பியும் கிண்ணமும் இம்மியளவு விலகி மீண்டும் சேர்கின்றன; இரண்டும் உலோகம் என்பதால் சத்தம் கேட்கிறது. தசை இறுக இறுகச் சில மாதங்களில் அது பெரும்பாலும் மறைந்துவிடும். சத்தத்தோடு வலியும் வந்தாலோ, கீச்சென்ற ஒலி நிலைத்துவிட்டாலோ தெரியப்படுத்துங்கள்.

கால் நீளமாகிவிட்டதுபோல் தோன்றுவதும் இப்படித்தான். ரீசர்ஃபேசிங்கில் காலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. மூட்டு தேய்ந்திருந்த ஆண்டுகளில் வலது பக்கத் தசைகள் சுருங்கி, இடுப்பெலும்பு ஒரு பக்கம் சாய்ந்து பழகியிருக்கும்; இப்போது எலும்பு சரியான இடத்துக்கு வந்துவிட்டது, தசைகள் இன்னும் வரவில்லை. செருப்புக்குள் அட்டை வைத்து உயரத்தைச் சமன்செய்யச் சிலர் சொல்வார்கள். மூன்று மாதம் ஆகும்வரை அதைச் செய்ய வேண்டாம், சாய்வு அப்படியே நிலைத்துவிடும்.

உட்காருவதைப் பொறுத்தவரை, உங்களுக்குப் பொருத்தியிருக்கும் பந்து உங்கள் சொந்த எலும்பின் பருமனையே ஒத்திருப்பதால், மூட்டு நழுவும் வாய்ப்பு சாதாரண மூட்டு மாற்றைவிடக் குறைவு. ஆயினும் பின்புறம் தைத்த தசைகளும் மூட்டுறையும் பிடித்துக்கொள்ள முதல் ஆறு வாரம் இடம் தர வேண்டும். முழங்கால் இடுப்புக்கு மேல் உயராதபடி உயரமான நாற்காலியில் உட்காருங்கள்; காலைக் குறுக்கே போடாதீர்கள்; பாதத்தை உள்நோக்கித் திருப்பிக்கொண்டு குனியாதீர்கள்; தூங்கும்போது முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை இருக்கட்டும். வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும்தான் என்றால், அதன்மேல் வைக்கும் கமோட் நாற்காலி மருத்துவச் சாதனக் கடைகளில் கிடைக்கிறது, வாடகைக்கும் தருகிறார்கள்.

சம்மணமிடுவதும் குந்துவதும் நம் ஊர் நோயாளிகள் ஏறத்தாழ எல்லோரும் கேட்கும் கேள்வி. ரீசர்ஃபேசிங் செய்துகொண்ட பலர் பிற்காலத்தில் இரண்டும் செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் உங்கள் சொந்தக் கழுத்து எலும்பு அப்படியே இருப்பதால், மிகவும் ஆழமாக மடக்கும்போது அது கிண்ணத்தின் விளிம்பில் இடிக்க வாய்ப்பு உண்டு. இடிக்குமா என்பது கிண்ணம் எந்தக் கோணத்தில் பதிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை எக்ஸ்ரே பார்த்து உங்கள் மருத்துவர் ஒருவரே சொல்ல முடியும். மூன்று மாதத்துக்கு முன் முயல வேண்டாம். அவர் அனுமதித்த பிறகும் நேராகத் தரைக்கு இறங்காமல், குட்டை ஸ்டூல், பலகை, பிறகு தரை என்று வாரக் கணக்கில் இறங்குங்கள்.

கார் ஓட்டுவதற்கு ஆறு வாரம் ஆக வேண்டும். உங்களுக்கு வலது கால் என்பதால் ஆட்டோமேட்டிக் காராக இருந்தாலும் பிரேக் அந்தக் காலில்தான். திடீரென்று பிரேக்கை முழு பலத்துடன் மிதிக்க முடிகிறதா என்று நிறுத்திய காரில் முதலில் சோதித்துப் பாருங்கள். பைக்குக்கு மூன்று மாதமாவது பொறுங்கள். பின் பிரேக் வலது காலில் இருக்கிறது, கிக்கரும் வலது காலில். வண்டி சாய்ந்தால் அனிச்சையாக ஊன்றுவதும் ஒருவேளை அந்தக் காலாகத்தான் இருக்கும். டவுன் பஸ்ஸின் உயரமான படியும் நிற்பதற்குள் கிளம்பும் அவசரமும் இப்போதைக்கு உங்களுக்கு ஆகாதவை.

ஆண்டி மர்ரே பற்றி மாணவர்கள் சொன்னது சரிதான். 2019 ஜனவரி இறுதியில் லண்டனில் அவருக்கு இதே அறுவை நடந்தது. அந்த ஜூனில் லண்டன் குயின்ஸ் கிளப் போட்டியில் இரட்டையர் பட்டம் வென்றார், அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் ஒற்றையர் பட்டமும் வென்றார். அது உங்களுக்கு நம்பிக்கை தரட்டும். ஆனால் கால அட்டவணையாக ஆகிவிட வேண்டாம். அவருக்குத் தினமும் உடனிருந்து பார்க்கும் பயிற்சிக் குழு இருந்தது, அவர் முதலில் திரும்பியதும் ஓட்டம் குறைந்த இரட்டையர் ஆட்டத்துக்குத்தான். ஆறு முதல் எட்டு வாரத்தில், உட்கார்ந்தும் நின்றும் வகுப்பெடுக்கப் பள்ளிக்குத் திரும்பலாம். விசில் ஊதி ஆட்டத்தை நடத்தலாம். செய்து காட்டும் வேலையை மாணவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். தண்ணீரில் நடப்பது, உயரமான சீட் வைத்த நிலைச் சைக்கிள் இரண்டும் தழும்பு முழுதாக ஆறிய பிறகு ஏற்றவை. கனமான எடை தூக்குவதும் குதிப்பதும் ஆறு மாதத்துக்கு வேண்டாம். ஓட்டத்தைப் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை தள்ளி வைக்கிறார்கள். நான் ஓராண்டின் பக்கமே நிற்கிறேன்.

இடையில் ஒன்றை மட்டும் மறவாதீர்கள். நன்றாக நடந்துகொண்டிருக்கும்போது, நான்காவது வாரமோ நான்காவது மாதமோ, தொடை இடுக்கில் புதிதாக வலி தோன்றி, காலை ஊன்றினால் கூடி, படுத்தால் குறைந்தால், இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். அந்த நிமிடத்திலிருந்து காலில் எடை போடாமல் இரண்டு ஊன்றுகோலிலும் நின்று, அன்றே எக்ஸ்ரே எடுங்கள். மயிரிழை விரிசலாக இருக்கும்போதே கண்டுபிடித்து எடையை விலக்கிவிட்டால், சிலருக்கு மறு அறுவை இல்லாமலே அது கூடிவிடுகிறது. அதன்மேலேயே நடந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

கடைசியாக உலோகம். தொப்பியும் கிண்ணமும் கோபால்ட், குரோமியம் கலந்த உலோகத்தால் ஆனவை. உரசலில் மிக நுண்ணிய அளவில் அயனிகள் ரத்தத்தில் கலப்பது உண்மை. நீங்கள் படித்த செய்திகள் அநேகமாக 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட ஏ.எஸ்.ஆர். என்ற வகையைப் பற்றியவையாக இருக்கும். 1997 முதல் பயன்பாட்டில் உள்ள பர்மிங்காம் வகையிலும், 2015-இல் 46 மில்லிமீட்டரும் அதற்குக் குறைந்ததுமான விட்டமுள்ள பந்துகளை விலக்கிக்கொண்டார்கள், பெண்களுக்குப் பரிந்துரைப்பதையும் நிறுத்தினார்கள். சிறிய பந்துகளில் தேய்மானம் கூடுதலாக இருந்ததே காரணம். பெரிய பந்து பொருத்திய ஆண்களிடம் இந்த அறுவை நன்றாகவே நிலைத்திருக்கிறது. அமெரிக்க அரசின் ஒப்புதல் 2006-இல் கிடைப்பதற்கு முன்பே அந்நாட்டவர் சிலர் சென்னைக்கு வந்து இதைச் செய்துகொண்டு போனார்கள் என்பதால், இதில் நீண்ட அனுபவமுள்ள ஊர் அது.

முதல் ஆண்டில் உரசும் பரப்புகள் ஒன்றோடொன்று பழகும் வரை அயனிகளின் அளவு சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆகவே இப்போது பரிசோதித்துக் கலங்க வேண்டியதில்லை. ஓராண்டு முடிவில் கோபால்ட், குரோமியம் ரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் மேற்கொண்டு ஆராய வேண்டும் என்பது பிரிட்டனின் மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்த அளவு. இந்த அயனிகளைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. ஆகவே சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருந்தால் கட்டுக்குள் வையுங்கள், வலி மாத்திரைகளைச் சொந்தமாக வாங்கித் தொடர்ந்து சாப்பிடாதீர்கள்.

ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும், பொருத்திய பாகங்களின் பெயர், அளவு, வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள். ஸ்டிக்கர் தாள் உங்களிடம் இல்லையென்றால் அன்றே கேட்டு வாங்கி, ஒரு நகலை உங்கள் மனைவியிடம் கொடுத்து வையுங்கள். கழுத்து எலும்பில் கீறல் ஏதும் உண்டா, தொப்பியும் கிண்ணமும் எந்தக் கோணத்தில் இருக்கின்றன, எலும்பு அடர்த்திச் சோதனையும் வைட்டமின் டி சோதனையும் தேவையா, தரையில் உட்கார எப்போது அனுமதிப்பீர்கள் என்ற நான்கையும் கேளுங்கள். பெல்ட் தெரியும்படி எடுத்த அந்த நடைப் படத்தையும் அவரிடம் காட்டிய பிறகு, ஊன்றுகோலைப் பற்றி முடிவு செய்யுங்கள்.